கமிஷன் வந்தது சரி, கையில் நின்றது எவ்வளவு?

(தொலைக்காட்சி மன்றத்தில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பேச அழைப்பதுதான் என் வேலை. இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். 'நேரடி விற்பனையில் ஒரு பெண் பணம் சம்பாதிக்க முடியுமா?' என்பதுதான் கேள்வி.

முடியும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால், 'எவ்வளவு' என்று கேட்டால் பெரும்பாலோர் பதில் சொல்லத் தடுமாறுகிறார்கள். 'போன மாதம் 300 வெள்ளி கமிஷன் வந்தது' என்பார்கள். அந்த 300 வெள்ளியைச் சம்பாதிக்க எவ்வளவு செலவானது என்று கேட்டால் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நேரடி விற்பனை நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சம்பள நாளன்று சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு லயத்துக்கே வந்து தவணைக்குச் சேலை கொடுத்துப் போனவர்களைச் சொல்வார்கள். கடைக்குப் போக வசதியில்லாத வீட்டுக்குக் கடையே நடந்து வந்தது. பிறகு தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தோம். டப்பர்வேர் வந்தது. 1976இல் ஆம்வே நம் நாட்டுக்கு வந்தது. அழகுப் பொருள், சத்து மாத்திரை, தண்ணீர் வடிகட்டி, சமையல் பாத்திரம் என்று வரிசை நீண்டது. இப்போது வாசல் கதவைத் தட்டுவதில்லை, வாட்ஸ்அப்பைத் தட்டுகிறார்கள். விற்பவர் பெயரும் மாறிவிட்டது. அன்று துணிக்காரர் என்றோம், இன்று 'ஆலோசகர்' என்கிறோம்.

நம் பெண்கள் இதை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை யாரும் கேலி செய்யக்கூடாது. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். மதியம் கூட்டிவர வேண்டும். மாலையில் டியூசன். மாமியாருக்கு மருத்துவமனைத் தவணை. இந்த நேரத்தையெல்லாம் விட்டுக்கொடுக்கும் முதலாளி எங்கே இருக்கிறார்? எஸ்.பி.எம். சான்றிதழ் கேட்காமல், வயது கேட்காமல், 'வாங்க, நீங்களும் செய்யலாம்' என்று மரியாதையோடு கூப்பிடும் தொழில் நேரடி விற்பனை ஒன்றுதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்பட்ட பெண்கள் இந்தத் தொழிலுக்கு வந்து, ஒலிவாங்கியைப் பிடித்துக் கணீரென்று பேசுவதைப் பார்த்திருக்கிறேன். பேச்சையே தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில் எனக்கு அதன் அருமை தெரியும்.

ஆகையால் இந்தத் தொழிலைத் திட்டுவதற்காக நான் இங்கே நிற்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்கு நானே போடும் கணக்கு. அவர் மாதம் 1,200 வெள்ளிக்குப் பொருள் விற்கிறார். அவருக்கு 25 விழுக்காடு லாபம் என்று வைத்துக்கொள்வோம். 300 வெள்ளி வந்தது. வீட்டில் எல்லாரிடமும் '300 வெள்ளி சம்பாதித்தேன்' என்கிறார்.

இப்போது செலவுக்கு வருவோம். கிள்ளானிலிருந்து ஷா ஆலம், ரவாங் என்று பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்ததில் பெட்ரோலும் டோலும் 90 வெள்ளி. கைத்தொலைபேசிக்கு 30. விலைப்பட்டியல் புத்தகமும் மாதிரிப் பொருளும் 40. மாதாந்திரக் கூட்டத்துக்கு நுழைவுச் சீட்டு, கார் நிறுத்தக் கட்டணம் 30. 'அடுத்த மாசம் தரேன் அக்கா' என்று சொல்லித் தராமலே போனவர்கள் 50. மொத்தம் 240. ஆக, கையில் நின்றது 60 வெள்ளி.

இன்னும் ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு 12 மணி நேரம் உழைத்தார் என்றால் மாதம் 48 மணி. 60 வெள்ளியை 48ஆல் வகுத்தால் மணிக்கு 1 வெள்ளி 25 சென். நம் நாட்டில் 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மணிக் கணக்கில் அது 8 வெள்ளி 72 சென். அக்கா அதில் ஆறில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்கவில்லை.

அடுத்து இன்னொரு அக்கா. இவருடைய விற்பனை குறைவு, 800 வெள்ளிதான். அதே 25 விழுக்காட்டில் 200 வெள்ளி லாபம். ஆனால், இவர் தாம் குடியிருக்கும் அடுக்குமாடியைத் தாண்டிப் போவதில்லை. மின்தூக்கியில் ஏறி இறங்கிப் பொருளைக் கொடுத்துவிடுகிறார். பெட்ரோல் செலவு இல்லை. பணம் கொடுத்தால்தான் பொருள் என்பது இவருடைய கறாரான சட்டம், அதையும் மீறி 10 வெள்ளி போனது. தொலைபேசி 15, மாதிரிப் பொருள் 25. மொத்தச் செலவு 50. கையில் நின்றது 150 வெள்ளி. உழைத்தது வாரம் 5 மணி, மாதம் 20 மணி. மணிக்கு 7 வெள்ளி 50 சென்.

குறைவாக விற்ற அக்காவுக்குத்தான் அதிகமாக மிஞ்சியது. ஆனால், மாதாந்திரக் கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டுவது யாருக்கு? 1,200 விற்றவருக்குத்தான். ஏனென்றால் நிறுவனம் பார்ப்பது விற்பனைத் தொகையை. பெட்ரோல் யாருடையது என்று அது பார்ப்பதில்லை. அதில் நிறுவனத்தின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அது அவர்கள் கணக்கு. நம் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. 2 வெள்ளிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பக்கம் வந்த பணம், மறுபக்கம் போன பணம், கீழே செலவழித்த மணி. மளிகைக் கடைக்காரர் இதைத்தானே செய்கிறார்? கல்லாவில் விழுந்த பணம் முழுவதையும் அவர் லாபம் என்று சொல்வதில்லை.

சரி, இது பொருளை விற்றுச் சம்பாதிப்பவர்களின் கணக்கு. இதில் அதிகபட்சம் நமக்கு லாபம் குறையும், அவ்வளவுதான். கஷ்டம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. எங்கே என்றால், 'இந்த மாதம் புள்ளி குறைகிறது' என்ற அந்த வார்த்தையில்.

பல திட்டங்களில் போனஸ் கிடைக்க வேண்டுமென்றால் நாமும் மாதாமாதம் இத்தனை புள்ளிக்குப் பொருள் எடுத்திருக்க வேண்டும். மாதம் 500 வெள்ளி இலக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 320 வெள்ளிக்குத்தான் விற்பனை ஆனது. இன்னும் 180 வெள்ளி குறைகிறது. தேதியோ 30. மேலே இருப்பவர் கூப்பிடுகிறார். 'அக்கா, 180 வெள்ளிக்காகப் போனஸை விட்டுடாதீங்க. பொருள் எங்க போகப் போகுது, அடுத்த மாசம் வித்துடலாம்' என்கிறார். அக்கா கிரெடிட் கார்டைத் தேய்க்கிறார். 120 வெள்ளி போனஸ் வருகிறது.

அடுத்த மாதமும் 180 குறைகிறது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. ஆறு மாதத்தில் 1,080 வெள்ளிக்குப் பொருள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வந்த போனஸ் 720 வெள்ளி. வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் வருமானம் வந்த மாதிரிதான் இருக்கும். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அந்தச் சத்து மாவு டப்பாவில் காலாவதித் தேதி வேறு போட்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் அமெரிக்கத் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். ஆம்வே நிறுவனம் பிரமிட் திட்டமா இல்லையா என்று அமெரிக்காவின் கூட்டரசு வாணிப ஆணையம் ஆராய்ந்து, 1979இல் 'இல்லை' என்று முடிவு சொன்னது. ஏன் இல்லை என்பதற்கு அது எடுத்துக்கொண்ட காரணங்கள்தான் முக்கியம். விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதி இருந்தது. வாங்கிய சரக்கில் 70 விழுக்காட்டையாவது மாதாமாதம் விற்றிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. மாதம் 10 வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்காவது விற்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. இந்த மூன்றுமே என்ன சொல்கின்றன? சரக்கு வீட்டில் தங்கக்கூடாது, வெளி ஆள் கையில் போய்ச் சேர வேண்டும் என்கின்றன. அந்த விதிகளை நம் வீட்டு அளவுகோலாக நாமே வைத்துக்கொள்ளலாம். போன மாதம் என்னிடம் வாங்கிய 10 பேர் யார்? அதில் என் கீழே சேர்ந்தவர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தவர் விற்பனையாளர். முடியாதவர், தம்மை விற்பனையாளர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்.

ஆள் சேர்ப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டுக் காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். 'நீங்கள் 6 பேரைச் சேருங்கள். அந்த 6 பேரும் ஆளுக்கு 6 பேரைச் சேர்க்கட்டும்.' கேட்க எளிதாக இருக்கும். 6, 36, 216, 1,296 என்று போகும். ஐந்தாவது படியில் 7,776. ஆறாவதில் 46,656. ஏழாவதில் 2 லட்சத்து 79 ஆயிரத்து 936. எட்டாவது படியில் 16 லட்சத்து 79 ஆயிரத்து 616 பேர் வேண்டும். எட்டுப் படிகளையும் கூட்டினால் 20 லட்சத்து 15 ஆயிரத்து 538 பேர்.

மலேசியாவில் இந்தியர்கள் மொத்தமே ஏறக்குறைய 20 லட்சம் பேர்தான். தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் படுக்கையில் கிடக்கும் பாட்டியையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. எட்டாவது படியில் இருப்பவர் யாரைப் போய்ச் சேர்ப்பார்? அந்தக் கடைசிப் படியில் இருப்பவர்கள்தான் கூட்டத்தில் ஆறில் ஐந்து பங்கு. வட்டம் போட்டுக் காட்டுபவர் மூன்று படியோடு நிறுத்திவிட்டு, 'மிச்சத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்' என்பார். நாம் கற்பனை செய்வதற்குப் பதில் கைத்தொலைபேசியில் இருக்கும் கால்குலேட்டரை எடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம்.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2010இல் அதைத் திருத்தி, 'நேரடி விற்பனை மற்றும் பிரமிட் எதிர்ப்புத் திட்டச் சட்டம்' என்று பெயரையே மாற்றினார்கள். நேரடி விற்பனை நடத்தும் நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும். அந்த உரிம எண் ஏ.ஜே.எல். என்ற எழுத்துகளோடு தொடங்கும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆள் சேர்ப்பதற்காகவே போனஸ் கொடுப்பது, சேரும்போதே கட்டாயமாகச் சரக்கு வாங்க வைப்பது, விற்காத சரக்கைத் திரும்ப எடுக்க மறுப்பது போன்றவை பிரமிட் திட்டத்தின் அடையாளங்களாகச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. அப்படிப்பட்ட திட்டத்தை நடத்துபவருக்குச் சிறையும் உண்டு, பெரிய அபராதமும் உண்டு. திட்டத்தைப் பரப்புவதும் குற்றம்தான். 'எனக்கு ஒன்றும் தெரியாது, மேலே இருந்தவர் சொன்னார், நான் நாலு பேருக்குச் சொன்னேன்' என்று பிறகு சொல்லித் தப்பிக்க முடியும் என்று நம்பிவிடாதீர்கள்.

உரிமம் இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் எண்ணிவிட வேண்டாம். நிறுவனம் சட்டப்படி நடக்கிறது என்பதற்குத்தான் உரிமம். உங்களுக்கு லாபம் வரும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை.

லாபத்தைப் பற்றிய தகவல் வேண்டுமென்றால், அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொன்றைச் சொல்கிறேன். அதே கூட்டரசு வாணிப ஆணையத்தின் அதிகாரிகள் 70 பல அடுக்கு விற்பனை நிறுவனங்களின் வருமான அறிக்கைகளை எடுத்துப் படித்து, 2024 செப்டம்பரில் முடிவை வெளியிட்டார்கள். அந்த அறிக்கைகள் நிறுவனங்களே தங்கள் உறுப்பினர்களின் வருமானம் பற்றி வெளியிட்டவை. பெரும்பாலான உறுப்பினர்கள் ஆண்டுக்கு 1,000 அமெரிக்க டாலரோ அதற்கும் குறைவாகவோதான் பெற்றிருந்தார்கள். மாதத்துக்கு 84 டாலர்கூட இல்லை. அதிலும் செலவைக் கழிக்கவில்லை. குறைந்தது 17 நிறுவனங்களில் பெரும்பாலோர் ஒரு காசும் பெறவில்லை. இது அமெரிக்கக் கணக்குதான். இருந்தாலும், உங்களைச் சேர்க்க வருபவரிடம் 'அண்ணா, உங்கள் நிறுவனத்தில் சராசரி உறுப்பினர் எவ்வளவு சம்பாதிக்கிறார், ஒரு காகிதத்தில் காட்டுங்கள்' என்று கேட்பதில் தவறில்லையே? பென்ஸ் கார் படத்தைக் காட்டினால், 'அண்ணா, நான் கேட்டது சராசரி ஆளை' என்று மறுபடி கேளுங்கள்.

டப்பர்வேரை வீடு வீடாகக் கூட்டம் போட்டு விற்கும் முறையை அமெரிக்காவில் வளர்த்தவர் பிரவுனி வைஸ் என்ற பெண்மணி. கணவரைப் பிரிந்து தனியாகப் பிள்ளையை வளர்த்தவர். அவருடைய வெற்றியைப் பார்த்து 1951இல் நிறுவனம் கடைகளிலிருந்தே பொருளை எடுத்துவிட்டு, வீட்டுக் கூட்டங்களில் மட்டும் விற்கத் தொடங்கியது. 1954இல் பிசினஸ் வீக் பத்திரிகையின் அட்டைப் படத்தில் அவர் இடம்பெற்றார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்த அட்டையில் வந்ததில்லை. 1958இல் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நிறுவனத்தில் அவர் பெயரில் ஒரு பங்குகூட இல்லை. 2024 செப்டம்பரில் அந்த நிறுவனமே அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கும் நம் பக்கத்து வீட்டு அம்மாவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாவும் அவருடையது, விலையும் அவர் வைப்பதுதான், பேரும் அவருக்குத்தான். எந்த நிறுவனம் மூடினாலும் அடுத்த தீபாவளிக்கு அவருக்கு ஆர்டர் வரும். நேரடி விற்பனையில் நாம் சேர்த்து வைக்கும் சொந்தச் சொத்து என்றால் அது வாடிக்கையாளர்களின் நம்பிக்கை மட்டும்தான். அதனால்தான் அடுத்துச் சொல்லப்போவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

சத்து மாத்திரையும் மூலிகை பானமும் விற்கும் சகோதரிகள் தயவுசெய்து கேளுங்கள். நம் சமூகத்தில் இனிப்பு நீர் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. 'இதைக் குடித்தால் இனிப்பு நீர் போய்விடும், மருந்தை நிறுத்திவிடலாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால், விற்பனை நிச்சயம் நடக்கும். மருத்துவமனையில் வரிசையில் நின்று அலுத்துப்போன பாட்டி உங்கள் பேச்சைத்தான் நம்புவார், ஏனென்றால் நீங்கள் தெரிந்த பிள்ளை. ஆறு மாதம் கழித்து அவர் காலில் புண் ஆறாமல் போனால் அந்த நிறுவனத்திலிருந்து யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவு விளம்பரமாகாது என்று யார் சொன்னது? மாத்திரை என்றால் டப்பாவில் எம்.ஏ.எல். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தாலும், 'மருந்தை நிறுத்துங்கள்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

என் முகம் தொலைக்காட்சியில் வருவதால், 'நீங்கள் இந்த பானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசினால் போதும்' என்று என்னிடமும் கேட்கிறார்கள். குடித்துப் பார்த்தேன், ருசியாக இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். குணமாகும் என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியவள், அவ்வளவுதான்.

இன்னொரு வலி இருக்கிறது. அது சொந்தபந்தம் சம்பந்தப்பட்டது. நம்மவர்களுக்கு முதல் வாடிக்கையாளர் சித்தி, இரண்டாவது நாத்தனார், மூன்றாவது கோயிலில் பார்க்கும் அக்கா. அவர்கள் வாங்குவது பொருளுக்காகவா, நம் முகத்துக்காகவா? முகத்துக்காக வாங்குபவர் ஒரு தடவைதான் வாங்குவார். இரண்டாவது தடவை நம்மைக் கண்டாலே கல்யாண மண்டபத்தில் அந்தப் பக்கமாகப் போய்விடுவார். கடன் பாக்கி இருந்தால் இன்னும் மோசம். 60 வெள்ளி பாக்கியால் இரண்டு வருடம் பேசாமல் இருக்கும் அக்கா தங்கையை எனக்குத் தெரியும். கேட்டால் மரியாதை போகும், கேட்காவிட்டால் பணம் போகும். அந்த இரண்டாவது அக்கா மாதிரி 'பணம் கொடுத்தால் பொருள்' என்று முதல் நாளே சொல்லிவிட்டால் உறவு பிழைக்கும். சித்திக்கு வேண்டுமென்று தோன்றினால் பிறந்தநாளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம், கடனாகக் கொடுக்க வேண்டாம்.

2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு, அதாவது தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய கணக்கு, தொடங்கப்பட்டது. அவசரத்துக்கு உதவட்டும் என்று வந்த வசதி அது. அதை எடுத்துத் 'தங்க நிலை பேக்கேஜ்' வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். தொடங்குவதற்கு ஒரு பையும் விலைப்பட்டியலும் சில மாதிரிப் பொருளும் போதும். 3,000 வெள்ளிக்குச் சரக்கு எடுத்தால்தான் தொடங்க முடியும் என்றால், அங்கே வாடிக்கையாளர் நீங்கள்தான். ஆலோங்கிடம் வாங்கிச் சேர்ந்தவர்களின் கதையை இந்த நல்ல நேரத்தில் சொல்ல எனக்கு மனமில்லை.

சேமநிதி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆலோசகருக்கு முதலாளி கிடையாது. ஆகவே இபிஎஃப்பில் நமக்காகப் பணம் போடவும் யாரும் இல்லை. ஆனால் நாமே போட வழியிருக்கிறது. ஐ-சாரான் என்ற திட்டத்தில் சுயதொழில் செய்பவர்கள் தாங்களாகவே சேமித்தால் அரசாங்கமும் கொஞ்சம் சேர்த்துப் போடுகிறது. 2025இல் அது நாம் போடும் தொகையில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 வெள்ளி என்று உயர்த்தப்பட்டது. அந்த இரண்டாவது அக்கா தம் 150 வெள்ளியில் மாதம் 50 வெள்ளி அதில் போட்டால் ஆண்டுக்கு 600 ஆகிறது, அதற்கு அரசாங்கம் 120 வெள்ளி தருகிறது. கீழே யாரையும் சேர்க்காமல் கிடைக்கும் போனஸ் இது! கமிஷன் வருமான வரிக் கணக்கில் வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நோட்டுப் புத்தகமும் ரசீதுகளும் இருந்தால் அங்கேயும் செலவைக் காட்ட முடியும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் இப்போது என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். இன்றிரவு கட்டிலுக்கு அடியில் இருப்பதை வெளியே எடுத்து எண்ணுங்கள். காலாவதித் தேதி வாரியாக அடுக்குங்கள். உறுப்பினர் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, சரக்கைத் திரும்ப எடுக்கும் விதி என்ன சொல்கிறது, எத்தனை நாளுக்குள் என்று படியுங்கள். தமிழில் இல்லாவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், மேலே இருப்பவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். பிறகு இரண்டு மாதம் புள்ளியைப் பற்றியே கவலைப்படாமல், கேட்பவர்களுக்கு மட்டும் விற்றுப் பாருங்கள். உண்மையில் எத்தனை பேருக்கு அந்தப் பொருள் தேவை என்பது அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். 15 வீடு, 20 வீடு மாதாமாதம் தாமாகக் கேட்டு வாங்கினால் அது நல்ல தொழில், விடாதீர்கள். யாருமே கேட்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்து விற்ற விலை உயர்ந்த பொருளுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். மனம் மாறினால் 10 வேலை நாட்களுக்குள் அதை ரத்து செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. தண்ணீர் வடிகட்டிக்காரர் கதவை விட்டுப் போனதும் 'ஐயோ, கையெழுத்துப் போட்டுட்டேனே' என்று அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. அமைச்சின் புகார் எண் 1-800-886-800. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே வைக்கலாம். பினாங்கு வட்டாரத்தில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் போகலாம், அங்கே தமிழிலேயே பேசலாம்.

எனக்கு அடுத்துப் பேசவிருப்பவர் இந்தத் தொழிலில் பல ஆண்டு அனுபவம் உள்ள சகோதரி. நான் போட்ட கணக்கில் பெட்ரோல் செலவைக் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று மேடைக்கு வருவதற்கு முன்பே என்னிடம் சண்டைக்கு வந்தார். அவருடைய நோட்டுப் புத்தகத்தையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் வாயாலேயே கேட்போம்.